போன்ல விளையாடின ஃபேன்டஸி அட்வென்ச்சர் கேம்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன்ல கேம்னா ஆப் தானே, இதுல என்ன புதுசு?

ஆப் இல்லைங்க. சுவத்துல வயர் போற லேண்ட்லைன் போன், ஸ்கிரீன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, இருக்குறது பன்னிரண்டு பட்டன். ஒரு நம்பருக்கு கால் பண்ணுவீங்க, அந்தப் பக்கம் ஒரு குரல் உங்களை நேரா கதைக்குள்ள இறக்கி விட்டுரும். "நீ கோட்டை வாசல்ல நிக்குற. கதவு பாதி திறந்திருக்கு. உள்ள யாரோ சங்கிலியை இழுத்துட்டு நடக்குற சத்தம் கேக்குது. உள்ள போக 1. பின்பக்கம் சுத்திப் போக 2." நீங்க எதை அழுத்துறீங்களோ அதுக்கு ஏத்த சீன் அடுத்து வரும், அப்படியே போகும், நீங்க ஜெயிக்கிற வரைக்கும் இல்ல சாகுற வரைக்கும். கேஸ் சிலிண்டர் புக் பண்ண கால் பண்ணா "தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்"னு ஒரு குரல் வருதுல்ல, டெக்னிக்கலா அதே சமாச்சாரம்தான், அந்த மெனுவுக்குள்ள ஒரு பாதாளமும் ஒரு பேயும் இருக்குன்னு வெச்சுக்கோங்க.

இதுல பேர் போன கேம் எது?

பிரிட்டன்ல 1988-ல வந்த ஃபிஸ்ட். ஃபேன்டஸி இன்டராக்டிவ் சினாரியோஸ் பை டெலிபோன், அதோட சுருக்கம்தான் அந்தப் பேர். டிசைன் பண்ணது ஸ்டீவ் ஜாக்சன், லைனை நடத்துனது கம்ப்யூட்டர்டயல்னு ஒரு கம்பெனி. முதல் சாகசத்துக்குப் பேர் காசில் மேமன், ஒரு அரக்க இளவரசனோட கோட்டைக்குள்ள போற கதை. அடுத்து தி ரிங்ஸ் ஆஃப் அல்லியன்னு ஒண்ணு வந்துச்சு.

ஜாக்சன் இதுக்கு வந்தது தற்செயல் இல்ல. 1975-ல கேம்ஸ் வொர்க்ஷாப்ங்கற கேம் கம்பெனியை ஆரம்பிச்ச மூணு பேர்ல அவர் ஒருத்தர். 1982-ல இயன் லிவிங்ஸ்டனும் அவரும் சேர்ந்து ஃபைட்டிங் ஃபேன்டஸி புத்தக வரிசையை ஆரம்பிச்சாங்க. 400 பத்தி இருக்கும், ஒவ்வொரு பத்தி கடைசியிலயும் "இடது பக்கம் போனா இந்த நம்பருக்கு போ, வலது பக்கம்னா அந்த நம்பருக்கு போ"ன்னு இருக்கும், சண்டை வந்தா பகடை உருட்டணும், பென்சில்ல உங்க பலம் எவ்ளோன்னு அடிச்சு அடிச்சு எழுதணும். ஆறு வருஷம் அப்படிப்பட்ட கதை எழுதிப் பழகின ஆளுக்கு பத்தி நம்பருக்கு பதிலா போன் பட்டன்னு யோசிக்கிறது பெரிய தூரம் இல்ல.

ஸ்டீவ் ஜாக்சன் அமெரிக்காக்காரர் இல்லையா?

ரெண்டு பேர் இருக்காங்க, ரெண்டு பேருமே கேம் டிசைனர். அமெரிக்கா ஸ்டீவ் ஜாக்சன் தான் கர்ப்ஸ்ங்கற ரோல்-பிளேயிங் கேம் பண்ணவர், அவர் பேர்லயே கம்பெனி இருக்கு. குழப்பம் அதோட நிக்கல, அந்த அமெரிக்கா ஜாக்சனும் ஃபைட்டிங் ஃபேன்டஸி வரிசையில மூணு புத்தகம் எழுதியிருக்கார், அட்டையில அதே பேர் தான் இருக்கும். போன் கேம் பண்ணது இங்கிலாந்துக்காரர்.

புத்தகத்துல இருந்ததையே போன்ல கேக்குறதுல என்ன பெருசா வித்தியாசம்?

நெறய இருக்கு, எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்ச பகுதியே இதுதான். புத்தகத்துல எல்லாரும் பண்ற ஒரு வேலை, ரெண்டு வழி இருந்தா ஒரு விரலை பழைய பக்கத்துல வெச்சுட்டு அடுத்த பக்கத்தை எட்டிப் பாக்குறது, செத்துட்டா விரல் இருந்த இடத்துக்கே திரும்பி வந்துருவோம். போன்ல விரலை எங்க வைப்பீங்க? அழுத்தினா அழுத்தினதுதான். பகடையையும் மெஷினே உருட்டுது, நைசா இன்னொரு தடவை உருட்டிக்க முடியாது. அதனால அந்த "1 அழுத்தலாமா 2 அழுத்தலாமா"ங்குற ரெண்டு செகண்டுக்கு உண்மையான கனம் வந்துருது.

இன்னொண்ணு காது. ரிசீவரை காதுல வெச்சு அழுத்திப் பிடிச்சிருக்கோம், அந்தக் குரல் நமக்கு மட்டும் பேசுது, பக்கத்துல இருக்கவங்களுக்குக் கூட கேக்காது. படம் எதுவும் இல்லாததால குகை எவ்ளோ பெருசுன்னு முடிவு பண்றது நம்ம தலைதான். அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல டிராகன்னா கட்டம் கட்டமா ஒரு பச்சை உருவம், போன்ல டிராகன்னா மூச்சு. எது பயமா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க.

பார்வை இல்லாதவங்களும் பார்வை உள்ளவங்களும் துளி வித்தியாசம் இல்லாம ஒரே கேமை விளையாடலாம்ங்கறதும் பெரிய விஷயம். இதுக்குன்னு தனியா யாரும் ஒண்ணும் சேக்க வேண்டியது இல்ல, கேமே அப்படித்தான் இருக்கு.

பட்டன் அழுத்துனா அந்தப் பக்கம் எப்படித் தெரியுது?

சத்தம் தான். ஒவ்வொரு பட்டனும் ஒரே நேரத்துல ரெண்டு ஸ்வரம் எழுப்புது, பட்டன் இருக்குற குறுக்கு வரிசைக்கு ஒண்ணு, நெடுக்கு வரிசைக்கு ஒண்ணு. 5 அழுத்துனா 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து கேக்கும், 1 அழுத்துனா 697-ம் 1209-ம். இந்த முறைக்கு டிடிஎம்எஃப்னு பேரு, அமெரிக்காவுல பெல் கம்பெனி 1963 நவம்பர்ல பென்சில்வேனியாவுல ரெண்டு ஊர்ல முதல்ல விட்டாங்க, ஸ்டார் ஹாஷ் பட்டன் எல்லாம் 1968 வாக்குலதான் சேர்ந்துச்சு.

ஏன் ரெண்டு ஸ்வரம்னா, ஒரே ஸ்வரம்னா மனுஷன் பேசுறதுலயே அது தற்செயலா வந்துரும், மெஷின் பட்டன்னு நெனைச்சுக்கும். ஒண்ணோட ஒண்ணு மடங்கா ஒட்டாத மாதிரி நம்பரா பாத்து எடுத்திருக்காங்க. அப்படியும் சில குரல் சில நேரம் மெஷினை ஏமாத்திரும். போன் கேம்ல இது இன்னும் சிக்கல், ஏன்னா கேம் அனுப்புற சத்தமே லைன்ல எதிரொலிச்சு கேமுக்கே திரும்பி வரும், மணி அடிக்கிற எஃபெக்ட் ஒண்ணை தப்பான சுருதியில போட்டா கேம் தானே தனக்கு பட்டன் அழுத்துன மாதிரி ஆகலாம். சவுண்ட் எஃபெக்ட் போடுறவங்க இதையும் மனசுல வெச்சுக்கணும்.

சுத்துற டயல் போன் வெச்சிருந்தவங்க என்ன பண்ணாங்க?

நல்ல கேள்வி, 1988-ல இது பெரிய பிரச்சனை. சுத்துற டயல் ஸ்வரம் எழுப்பாது, லைனை துண்டிச்சு துண்டிச்சு சேர்க்கும், செகண்டுக்கு பத்து தடவை, 5-ன்னா அஞ்சு துண்டிப்பு. அது எக்ஸ்சேஞ்ச் வரைக்கும்தான் பேசும், கால் சேர்ந்தப்புறம் சுத்துனா அந்தப் பக்கம் டிக் டிக்னு லேசா கேட்டா உண்டு. பட்டன் இருந்த போன்லயும் பல மாடல் உள்ளுக்குள்ள இதே துண்டிப்பு வேலைதான் பண்ணுச்சு. பிரிட்டன்ல இந்தத் துண்டிப்புல இயங்குன பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்ச் கடைசியா மூடுனதே 1995-ல.

அதுக்கு ஒரு கையடக்க டோன் பேட் கடையில கிடைச்சுது. சின்னப் பெட்டி, முன்னாடி பட்டன், பின்னாடி ஒரு குட்டி ஸ்பீக்கர். குரல் "1 அல்லது 2"ன்னு கேட்டதும் ரிசீவரை காதுல இருந்து எடுத்து, பெட்டியை பேசுற பக்கம் ஒட்டி வெச்சு, பட்டனை அமுக்கி, திரும்ப காதுக்கு கொண்டு வரணும், அதுக்குள்ள அடுத்த வரி ஓடிப்போயிருக்கும். சில போன் லைன்ல வேற வழி வெச்சிருந்தாங்க, ஒவ்வொரு சாய்ஸா சொல்லிட்டு ஒரு செகண்ட் நிறுத்துவாங்க, உங்களுக்கு வேணும்ங்கறது வந்ததும் ஏதாவது சத்தம் போடணும். நீங்க என்ன சொன்னீங்கன்னு மெஷினுக்குப் புரியாது, சத்தம் வந்துச்சா இல்லையான்னு மட்டும் பாக்கும்.

எவ்ளோ செலவாகும்?

இங்கதான் வலி. பிரிட்டன்ல 1986-ல பிரீமியம் ரேட் போன் சர்வீஸ் ஆரம்பிச்சாங்க, 0898-ன்னு ஆரம்பிக்கிற நம்பர். எண்பதுகளோட கடைசியில ரேட் நிமிஷத்துக்கு 38 பென்ஸ், ராத்திரி வார இறுதி மாதிரி மலிவு நேரத்துல 25 பென்ஸ். அரை மணி நேரம் விளையாடினா 11 பவுண்ட் 40 பென்ஸ், மலிவு நேரத்துலன்னா 7 பவுண்ட் 50. அதே காலத்துல ஒரு சாகச கேம்புக் ரெண்டு மூணு பவுண்டுக்குள்ள கிடைச்சுது, அதை எத்தனை தடவை வேணாலும் படிக்கலாம், தம்பிக்கும் கொடுக்கலாம். இது ஒரு தடவை சாகுறதுக்கே அந்தக் காசு.

இந்தக் காசு விவகாரம் கதை எழுதுறவனையும் ரெண்டு பக்கமும் இழுக்கும். நிமிஷத்துக்கு காசுன்னா மெதுவா பேசுனா லாபம், வர்ணனையை இழுத்தா லாபம், தாண்டிப் போக முடியாத அறிமுகம் வெச்சா லாபம். நல்ல கேமுக்கு வேண்டியது நேர் எதிர், சுருக்கமா சொல்லணும், தெரிஞ்ச இடத்தை தாண்ட விடணும், சட்டுனு முடிவெடுக்க வைக்கணும். மீட்டர் ஓடிட்டே இருக்கும்போது விளையாடுறவனும் நின்னு யோசிக்க மாட்டான், அங்க கதவு இருக்கு பாறை இருக்குன்னு சுத்திப் பாக்குற சந்தோஷமே போயிரும். ஃபேன்டஸி கேமோட உயிரே அந்த சுத்திப் பாக்குறதுதான்னு நான் நம்புறேன், அதனால இந்த பில்லிங் முறை இந்த வகை கேமுக்கு ஆரம்பத்துலருந்தே பொருந்தல.

வீட்டுல பிரச்சனை ஆகலையா?

ஆகாம இருக்குமா. பில் வர்றது அப்பா அம்மா பேர்ல, விளையாடுறது பதிமூணு வயசுப் பையன், அதுவும் பில் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே வேண்டியதெல்லாம் பேசி முடிச்சிருப்பான். கேம் மட்டும் இல்ல, அரட்டை லைன், ஜோசியம், ஜோக்னு அந்த நம்பர்கள்ல என்னென்னவோ ஓடுச்சு, புகார் குவிஞ்சுது. பிரிட்டன்ல இதைக் கண்காணிக்க 1986-லயே இக்ஸ்டிஸ்னு ஒரு அமைப்பு வந்துச்சு, பேர் மாறி மாறி கடைசியில 2025-ல அந்த வேலை தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்துற ஆஃப்காம் கைக்குப் போச்சு. அமெரிக்காவுல 900 நம்பர் கதையும் இதேதான், 1992-ல தனிச் சட்டமே போட்டாங்க. அதுக்கப்புறம், ரெண்டு டாலருக்கு மேல போகக்கூடிய காலா இருந்தா, கட்டணம் எவ்ளோன்னு முதல்ல இலவசமா சொல்லணும், கேட்டுட்டு வேணாம்னா காசில்லாம வெச்சிரலாம், 12 வயசுக்குக் கீழ உள்ள பசங்களைக் குறிவெச்சு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு விதி வந்துச்சு. இதை நான் முழுசா ஆதரிக்கிறேன்.

ஒரு கதைக்கு எவ்ளோ ரெக்கார்டிங் வேணும்?

இதை கொஞ்சம் கணக்கு போட்டுப் பாப்போம், ஏன்னா இந்த கேமோட உருவமே இந்தக் கணக்குலதான் இருக்கு. போன் தரத்துல குரலை டிஜிட்டலா வெச்சா செகண்டுக்கு 8,000 சாம்பிள், ஒவ்வொண்ணும் ஒரு பைட், ஆக நிமிஷத்துக்கு 480 கேபி. கேம்புக் மாதிரி 400 பத்தி, பத்திக்கு அரை நிமிஷம்னா 200 நிமிஷம், கிட்டத்தட்ட 96 எம்பி. இன்னைக்கு அது ஒரு சின்ன வீடியோ, ஆனா அப்போ நல்ல பிசியில இருந்த ஹார்ட் டிஸ்க்கே 40 எம்பி மாதிரி தான். குரலை சுருக்கி வெச்சா பாதியாக்கலாம், தரம் கொஞ்சம் போகும்.

அதுவும் போக கிளைப் பிரச்சனை. ஒவ்வொரு இடத்துலயும் மூணு வழி, பத்து தடவை முடிவெடுக்கணும்னா, எதையும் சேக்காம விட்டா 59,049 முடிவு. யாராலயும் ரெக்கார்ட் பண்ண முடியாது. அதனால கிளை பிரிஞ்ச கதை ரெண்டு மூணு சீன்ல திரும்ப ஒரே இடத்துக்கு வந்து சேரும், பாலம் ஒண்ணு, காவல்காரன் ஒருத்தன் மாதிரி. வித்தியாசத்தை மெஷின் ஞாபகத்துல வெச்சுக்கும், உங்க கிட்ட சாவி இருக்கா, காயம் எவ்ளோன்னு. ஒரே பாலம், சாவி இருந்தா ஒரு குரல் துண்டு, இல்லன்னா வேற துண்டு. நல்லா எழுதுனா ஒட்டுப் போட்ட இடம் காதுல படவே படாது.

சத்தம் நல்லா இருக்குமா?

போன் லைன் 300 ஹெர்ட்ஸ்ல இருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கடத்தும். அடியில இருக்குற உறுமலும் போச்சு, மேல இருக்குற பளபளப்பும் போச்சு. வாள் மோதுற சத்தத்தோட கூர்மையெல்லாம் 3,400-க்கு மேலதான் இருக்கு, போன்ல அது ஸ்பூன் விழுந்த மாதிரி கேக்கும். இடி இடிச்சா பேப்பர் கசங்குற மாதிரி இருக்கும். ஆனா காலடி, கதவு கிரீச், தண்ணி சொட்டுறது, கிசுகிசுப்பு, மூச்சு, கதவைத் தட்டுறது, இதெல்லாம் அந்த எல்லைக்குள்ளயே பிரமாதமா வரும். விஷயம் தெரிஞ்சவங்க போர்க்களத்தை விட்டுட்டு சுரங்கத்தை எடுத்துக்குவாங்க.

பேர் வைக்கிறதுலயும் கவனம் வேணும். ஸ-வும் ஃப-வும் போன்ல கிட்டத்தட்ட ஒண்ணு மாதிரியே கேக்கும். "ஃபாரன்"னு ஒரு மந்திரவாதியும் "ஸாரன்"னு ஒரு திருடனும் ஒரே கதையில இருந்தா கேக்குறவன் திண்டாடிருவான்.

இதுவும் மட் (MUD)ங்கற கம்ப்யூட்டர் கேமும் ஒண்ணா?

இல்ல. மட் 1978-ல எசெக்ஸ் யுனிவர்சிட்டில ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் பண்ணது, அதுலயும் கொஞ்ச நாள் கழிச்சு போன் லைன் வழியா சேர்ந்தாங்கதான், ஆனா கம்ப்யூட்டரும் மோடமும் வேணும், எழுத்துல படிக்கணும், ஒரே நேரத்துல பல பேர் உள்ள இருப்பாங்க. இங்க கம்ப்யூட்டர் வேணாம், போன் போதும், நீங்களும் குரலும் மட்டும்தான்.

இன்னொரு சொந்தக்காரர் ஹ்யூகோ. 1990-ல டென்மார்க் டிவி2-ல வந்த குட்டி பூதம், வீட்டுல இருந்து கால் பண்ற குழந்தை போன் பட்டனை அழுத்தி டிவியில ஓடுற பூதத்தை நகர்த்தும், ஊரே பாக்கும். அது 40-க்கும் மேல நாடுகளுக்குப் போச்சு. டிவி இருந்ததால அதுக்கு பில் பிரச்சனை கதையைக் கொல்லல, ஒரு குழந்தை சில நிமிஷம் விளையாடுது, மத்தவங்க சும்மா பாத்து ரசிக்கிறாங்க.

இப்போ ஃபிஸ்ட் விளையாட முடியுமா?

முடியாது, அந்த நம்பரெல்லாம் போயிருச்சு, பிரிட்டன்ல பிரீமியம் நம்பர் இப்போ 09-ல ஆரம்பிக்குது. அந்த ருசி வேணும்னா ஸ்மார்ட் ஸ்பீக்கர்ல குரல் வழி சாகச கேம் இருக்கு, ஆனா அதுல நீங்க பேசணும், அது தப்பா புரிஞ்சுக்கும். பட்டன் ஒருபோதும் தப்பா புரிஞ்சுக்காது.

நானே ஒண்ணு பண்ணனும்னா?

தாராளமா பண்ணுங்க, 1988-ல இருந்த ரெண்டு தடையும் இப்போ இல்ல, டிஸ்க்கும் சும்மா, லைனும் சும்மா. அஸ்டரிஸ்க்னு ஒரு இலவச போன் சர்வர் சாஃப்ட்வேர் இருக்கு, மார்க் ஸ்பென்சர் 1999-ல ஆரம்பிச்சது, ராஸ்பெர்ரி பை மாதிரி குட்டி போர்டுலயே ஓடும். மொபைல்ல ஒரு சாஃப்ட்போன் ஆப் போட்டு வீட்டு வைஃபைலயே எக்ஸ்டென்ஷன் நம்பருக்கு கால் பண்ணலாம், பைசா செலவில்ல. குரலை 8,000 ஹெர்ட்ஸ் மோனோவுல சேவ் பண்ணிக்கோங்க. பட்டன் சரியா வேலை செய்யலைன்னா முதல்ல பாக்க வேண்டியது, டோனை குரலோட குரலா அனுப்புறீங்களா இல்ல தனி செய்தியா அனுப்புறீங்களான்னு, ஏன்னா குரலை சுருக்குற கோடெக் அந்த ரெண்டு ஸ்வரத்தையும் சிதைச்சிரும், டோனை தனி செய்தியா அனுப்புற ஆர்எஃப்சி 4733 முறைக்கு மாத்துனா சரியாயிரும்.

எழுதும்போது வேலையை முதல்ல சொல்லுங்க, நம்பரை கடைசியில. "1 அழுத்தினா இடது பக்கம்"னு சொன்னா இடதுன்னு கேக்குறதுக்குள்ள ஒண்ணா ரெண்டான்னு மறந்துரும், "இடது பக்கம் போக 1"னா விரல் தானா போகும். திசைக்கு 2 வடக்கு, 8 தெற்கு, 4 மேற்கு, 6 கிழக்குன்னு வெச்சுட்டா கீபேடே வரைபடம் ஆயிரும், ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியதே இல்ல. ஒரு இடத்துல மூணு சாய்ஸுக்கு மேல வேணாம். ஸ்டார் அழுத்தினா கடைசி துண்டை திரும்பச் சொல்லணும், இது கட்டாயம். பட்டன் போன்லயே இருக்கறதால ஆள் காதுல இருந்து எடுத்து அழுத்திட்டு திரும்ப வைக்கணும், அதனால ஒவ்வொரு துண்டுக்கு முன்னாடியும் ஒரு செகண்ட் சும்மா காலடிச் சத்தமோ காத்துச் சத்தமோ விடுங்க.

தமிழ்ல நேரா இரண்டாம் ஆள்ல சொல்லும்போது "நீ"ன்னு சொல்றதா "நீங்க"ன்னு சொல்றதான்னு முதல்லயே முடிவு பண்ணிருங்க. என் ஓட்டு "நீ"-க்கு, இருட்டுக்குள்ள கூட வர்ற குரல் "நீங்க திரும்பிப் பாருங்க"ன்னு சொன்னா பயம் வராது.

முதல் முயற்சிக்கு பன்னிரண்டு துண்டு போதும், ஒரு கிணறு, மூணு அறை, ஒரு எதிரி, ரெண்டு முடிவு. முடிச்சதும் கதை தெரியாத ஒருத்தர் கையில போனைக் கொடுத்துட்டு பக்கத்துல உக்காருங்க, ஒண்ணும் சொல்லாதீங்க, எங்க எங்க அவங்க ஸ்டார் அழுத்துறாங்கன்னு மட்டும் குறிச்சுக்கோங்க, அந்தத் துண்டுகளை மட்டும் இன்னும் சின்னதா எழுதி திரும்ப ரெக்கார்ட் பண்ணிருங்க.